புறவாசல் தோட்டத்தின் கணக்கு

அம்பாசமுத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று புது வீடு கட்டுகிறவர்கள் தோட்டத்தைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். சுவர் எழும்பி, வண்ணம் பூசி, பால் காய்ச்சி முடித்த பிறகு கையில் மிஞ்சியிருக்கும் சிறு தொகைதான் தோட்டத்துக்கு வருகிறது. அந்தத் தொகையும் நர்சரிச் செடிகளுக்கும் சிமென்ட் தொட்டிகளுக்கும் முன்வாசலில் விரிக்கும் புல் பாய்க்கும் போய்விடுகிறது. இரண்டு கோடை கழிவதற்குள் பாதி கருகிவிட, வீட்டுத் தோட்டம் என்பதே வசதி உள்ளவர்களின் காரியம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் இதே பள்ளத்தாக்கில் பல தலைமுறைகளாக, ரொக்கத்தை அபூர்வமாகவே கண்ட வீடுகளின் புறவாசலில் வாழையும் முருங்கையும் கறிவேப்பிலையும் பிச்சிக்கொடியும் இருந்தன. அது எப்படி முடிந்தது என்று கேட்டால், அந்தக் காலத்து மனிதர்கள் சிக்கனமானவர்கள், உழைப்பாளிகள் என்ற பதில்தான் வழக்கமாக வரும். அந்தப் பதில் போதாது. தோட்டத்தில் செலவு பிடிப்பவை நீர், மண், நடுபொருள் ஆகிய மூன்றுதான். தாமிரபரணிக் கரையில் நீரையும் மண்ணையும் ஊரும் ஆறும் தந்தன, நடுபொருளை அண்டை வீடு தந்தது. தனி வீட்டின் சிக்கனம் அதற்குப் பிறகே வேலை செய்தது. புறவாசல் தோட்டத்தின் வரலாற்றை நீர் உரிமை, மனை உரிமை ஆகியவற்றின் வரலாறாகப் படித்தால்தான் அது ஏன் மலிவாக இருந்தது என்பதும், ஏன் இன்று மலிவாக இல்லை என்பதும் புரியும்.

கல்வெட்டுகளிலிருந்து தொடங்கலாம். அம்பாசமுத்திரத்தின் பழைய பெயர் இளங்கோக்குடி. இங்குள்ள எரிச்சாவுடையார் கோயிலுக்கு 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் வரகுணன் 290 காசு கொடுத்து, அதை முள்ளிநாட்டு இளங்கோக்குடிச் சபையாரிடம் ஒப்படைத்தான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டியாக, மொத்தம் 580 கலம் நெல்லைச் சபையார் அளக்க வேண்டும். அதைக் கொண்டு இறைவனுக்கு அன்றாடம் அமுது படைக்க வேண்டும். அந்த அமுதின் பட்டியலில் அரிசி, நெய், தயிரோடு வாழைப்பழமும் கறியமுதும் வெற்றிலை பாக்கும் வருகின்றன. வயல் தருவது நெல் ஒன்றைத்தான். வாழைப்பழமும் கறியும் வெற்றிலை பாக்கும் தோட்டத்துப் பொருள்கள். ஒரு கோயிலுக்கு நாள் தவறாமல் இவற்றைக் கொடுப்பதாக ஒரு சபை பொறுப்பேற்கிறது என்றால், வயலுக்கு வெளியே, மனைகளை ஒட்டியும் வாய்க்கால் கரைகளிலும், வாழையும் வெற்றிலையும் கமுகும் அப்போதே தடையின்றி விளைந்திருக்க வேண்டும். 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் தோட்டப் பொருளை எண்ணிக் கணக்கில் வைத்திருந்தது.

மனைத் தோட்டத்தின் சட்டநிலையை இன்னும் தெளிவாகக் காட்டுவன சோழர் செப்பேடுகள். அவை நெல்லைச் சீமைக்கு உரியவை இல்லையென்றாலும் அந்தக் காலத்து நில உரிமையின் பொதுமொழியைப் பேசுகின்றன. 11ஆம் நூற்றாண்டின் ஆனைமங்கலச் செப்பேடு போன்றவற்றில் தானம் கொடுக்கப்பட்ட நிலத்தின் உறுப்புகளை வரிசையிடும்போது மனையோடு மனைப்படப்பையும் (வீட்டை ஒட்டிய தோட்டம்) தனியாகச் சொல்லப்படுகிறது. தானம் பெற்றவர்கள் கிணறு தோண்டலாம், தென்னந்தோப்பு இடலாம், மரு, செண்பகம், செங்கழுநீர் முதலியவற்றை நடலாம் என்று ஒவ்வொன்றாக அனுமதி தரப்படுகிறது. ஒன்றை எழுதி அனுமதிக்கிறார்கள் என்றால் அனுமதி இல்லாதவர்களும் இருந்தார்கள் என்றே பொருள். வீட்டுக் கொல்லையில் கிணறு வெட்டுவதும் பூச்செடி நடுவதும் எல்லாருக்கும் தானாகக் கிடைத்த உரிமைகளாக இருக்கவில்லை. பழைய தோட்டங்களைப் பற்றிப் பேசும்போது நாம் வசதியாக மறந்துவிடுகிற செய்தி இது. பின்னால் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

இனி நீர். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசி அணையான ஸ்ரீவைகுண்டம் 1870களில் ஆங்கிலேயர் ஆட்சியில் முடிந்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தைய அரசர் காலத்தவை. அவற்றில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் மூன்றும் அம்பாசமுத்திரம் வட்டாரத்திலேயே அடுத்தடுத்து அமைந்தவை. எட்டு அணைகளின் கால்வாய்களும் சேர்ந்து 86,107 ஏக்கருக்குப் பாசனம் தருவதாக அரசுக் கணக்கு சொல்கிறது. இந்த எண்ணை நெல் வயலின் கணக்காக மட்டுமே படிக்கிறோம். வீட்டுத் தோட்டத்தின் கணக்கும் இதில் மறைந்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழையால் ஆற்றில் வெள்ளம் வரும்போது கார் சாகுபடிக்கும், வடகிழக்குப் பருவமழையில் பிசானத்துக்கும் கால்வாய்களில் நீர் விடுவார்கள். ஜூன் 1ஆம் தேதி காருக்குத் தண்ணீர் திறப்பது நெடுநாள் வழக்கம். கால்வாய் ஓடத் தொடங்கினால் அதன் இரு கரைகளிலும் உள்ள கிணறுகளில் நீர் மேலே வரும். ஆண்டில் பல மாதங்கள் வயலில் நீர் தேங்கி நிற்கும் ஊரில் புறவாசல் கிணறு ஆழமாக இருக்கத் தேவையில்லை. ஆழம் குறைந்தால் வெட்டும் கூலியும் குறைவு, இறைக்கும் உழைப்பும் குறைவு. கன்னடியன் கால்வாயைப் பற்றி, ஒரு கன்னட தேசத்தவர் பசுவின் பின்னே நடந்து அது போன வழியிலேயே வெட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியிருந்தாலும், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி ஆகிய ஊர்களின் கிணற்றடி ஈரம் அந்தக் கால்வாய் தந்ததுதான். எந்த வீட்டுக்காரரும் தனியே அதற்கு விலை கொடுக்கவில்லை.

வீட்டின் அமைப்பு அந்த நீரை வீணாக்காமல் பிடித்துக்கொண்டது. கல்லிடைக்குறிச்சி அக்ரகாரமாக இருந்தாலும் அம்பாசமுத்திரத்து வேளாளர் தெருவாக இருந்தாலும் மனை குறுகலானது, நீளமானது. பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவாக இருக்கும். தெருவில் திண்ணை, உள்ளே தார்சா, பட்டாசல், அதற்கப்பால் அடுக்களை, பின்பு கிணற்றடி, தொழுவம், புறவாசல் என்று வீடு ஒரே நேர்கோட்டில் பின்னோக்கிப் போகும். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு செடியும் கண்ணில் படாது. முன்வாசல் கோலத்துக்கு உரியது. செடி கொடியெல்லாம் நீர் விழும் இடத்துக்குப் பின்னால்தான். பாத்திரம் விளக்கிய அங்கணத்துத் தண்ணீர் சுவரிலுள்ள துளை வழியே இறங்கி வாழை மூட்டுக்குப் போகும். கிணற்றடியில் குளித்த தண்ணீர் சிறு வாய்க்காலில் ஓடித் தென்னைக்கோ எலுமிச்சைக்கோ சேரும். ஈரம் மிக அதிகமான இடத்தில் சேம்பும், சற்றே காய்ந்த விளிம்பில் முருங்கையும், இரண்டுக்கும் நடுவே கறிவேப்பிலையும் நின்றன. செடிக்கென்று தனியே தண்ணீர் இறைத்து ஊற்றும் வேலை பூச்செடிகளுக்கும் கோடைக்கீரைக்கும் மட்டும்தான் மிஞ்சியது. தரையின் சரிவும் துளையின் இடமும் வீடு கட்டும்போதே தீர்மானிக்கப்பட்டுவிட்டன. தோட்டக்காரர் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கொத்தனார் முன்பே செய்து முடித்திருந்தார் என்று சொல்லலாம்.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொழுவத்துச் சாணமும் அடுப்புச் சாம்பலும் மாடு தின்று கழித்த வைக்கோலும் உரக்குழிக்குப் போயின. கோடையில் குளம் வற்றியதும் வண்டல் அள்ளி வண்டியில் கொண்டுவந்து வயலுக்கும் தோட்டத்துக்கும் போட்டார்கள். அப்படி அள்ளியது குளத்துக்கும் தூர் எடுத்ததாக ஆயிற்று. ஊர்க் குளங்களைப் பராமரிக்கும் குடிமராமத்து தளர்ந்து, குளம் அரசாங்கச் சொத்தாகி, வண்டல் கனிம விதிகளுக்குள் வந்த பிறகு இந்தப் போக்குவரத்து நின்றது. 2017இல் தமிழக அரசு குளத்து வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள மீண்டும் வழி திறந்தது. ஆனால் அதற்குள் நகரத்து வீட்டுக்காரருக்கு வண்டல் என்பதே மறந்து, மூட்டையில் வரும் தென்னைநார்க் கழிவுதான் மண் என்று ஆகிவிட்டது.

மூன்றாவது நடுபொருள். புறவாசலில் இருந்த செடிகளை ஒருமுறை பட்டியல் போட்டுப் பாருங்கள். வாழை பக்கக்கன்றில் வரும். முருங்கையும் செம்பருத்தியும் கொம்பு வெட்டி ஊன்றினால் வரும். பிச்சியும் மல்லிகையும் பதியத்தில் வரும். கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி வேரிலிருந்தே குட்டிகள் முளைக்கும். சேம்பும் கருணையும் கிழங்கில், சிறுகிழங்கு தண்டில், நந்தியாவட்டையும் அரளியும் குச்சியில். வேலிக்குக் கிளுவையும் நொச்சியும் ஆடாதொடையும், அவையும் குச்சிதான். அவரை, புடலை, பீர்க்கு, பூசணிக்கு மட்டும் விதை வேண்டும். அதையும் கொடியிலேயே ஒரு காயை முற்றவிட்டு எடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்தார்கள். நாம் உண்ணும் வாழையில் முளைக்கும் விதை இல்லை. ஆகவே ஏத்தனோ கதலியோ நாட்டுவாழையோ எந்த ரகமானாலும், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மனிதக் கை வழியாகவே போயிருக்க முடியும். பெருகப் பெருகக் களைந்தே ஆகவேண்டிய பக்கக்கன்றைக் கொடுப்பவருக்கு நட்டமில்லை. இப்படிக் கொடுக்கக் கொடுக்கக் குறையாத செடிகளே புறவாசலில் நிலைத்தன. விலை கொடுத்து வாங்கினால்தான் கிடைக்கும் செடி அங்கே நிலைக்கவில்லை. இது ஒருவர் உட்கார்ந்து வகுத்த திட்டமில்லை. நூற்றாண்டுகளின் வடிகட்டல் செய்த தேர்வு. அதனாலேயே நம்பத் தகுந்தது.

இதில் அழகுக்கு இடமில்லை, எல்லாம் சோற்றுக்கான ஏற்பாடு என்று ஒருவர் சொல்லக்கூடும். சோற்றுக்கான ஏற்பாடுதான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் தண்டு ஊன்றினால் தைப் பொங்கலுக்குச் சிறுகிழங்கு தோண்டலாம். பொங்கல் படையலில் கிழங்குகள் இல்லாவிட்டால் நெல்லை வீடுகளில் அது பொங்கலாகவே கொள்ளப்படாது. சொதிக்கு முருங்கைக்காய், கூட்டாஞ்சோற்றுக்கு முருங்கைக்கீரை, அவியலுக்கு வாழைக்காய் என்று அடுக்களை எதைக் கேட்டதோ அது அடுக்களைக்குப் பின்னாலேயே நின்றது. ஆனால் தலையில் சூடும் பிச்சியும் சாமிக்குச் சாத்தும் நந்தியாவட்டையும் விடியலில் உதிரும் பவழமல்லியும் அதே புறவாசலில்தான் இருந்தன. இவற்றைத் தெருவுக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இல்லை. வீட்டில் வாழ்கிறவர்கள், பெரும்பாலும் பெண்கள், தினமும் நடமாடிய இடத்துக்கு அழகு செய்தார்கள். பார்வையாளருக்காகத் தோட்டம் போடாததே செலவைக் குறைத்த பெரிய காரணம் என்பது என் கருத்து.

பார்வைக்கான தோட்டம் வேறு வழியில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் கிராம்பும் சாதிக்காயும் வளர்க்கத் தோட்டம் போட்டது. அது வாணிகச் சோதனை. பாளையங்கோட்டையில் படையும் அதிகாரிகளும் தங்கிய பங்களாக்களிலோ, வீடு மனையின் நடுவில் தனியே நின்று நான்கு பக்கமும் வெற்றிடம் சூழ்ந்திருந்தது. முன்புறத்தில் வண்டி வந்து திரும்பும் பாதையும் அதை ஒட்டிப் பூப்பாத்தியும் புல்தரையும் தொட்டிகளில் குரோட்டன்ஸும் வைத்தார்கள். 1835இல் சென்னையில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைக் கழகம் இத்தகைய தோட்டங்களுக்கு வெளிநாட்டுச் செடிகளையும் விதைகளையும் பரப்பியது. சம்பளத்துக்கு ஒரு தோட்டக்காரரும் தண்ணீர் சுமக்க இன்னொருவரும் இருந்தால்தான் அந்தத் தோட்டம் நிற்கும். அது அப்படிப்பட்ட வீடுகளுக்காகவே உருவானது. சுதந்திரத்துக்குப் பின் அரசுக் குடியிருப்புகளும் வீட்டுமனைப் பிரிவுகளும் பங்களாவின் வரைபடத்தைச் சிறிதாக்கிப் பின்பற்றின. வீடு மனையின் நடுவுக்கு வந்தது, தோட்டம் முன்பக்கம் வந்தது, தோட்டக்காரர் மட்டும் வரவில்லை. இன்றைய புதுவீட்டுக்காரர் சிறு தொகையில் செய்யப் பார்ப்பது இந்தப் பங்களாத் தோட்டத்தை. கணக்கைப் பாருங்கள். கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்தரைக்கு நாளுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் நீர் தேவை. ஒரு சென்ட் புல்தரை என்றால் 40 சதுர மீட்டர், அதாவது நாளுக்கு 200 லிட்டர். நகர வீடுகளுக்கான இந்தியத் தர அளவின்படி ஓர் ஆள் குளிக்க 55 லிட்டரும் பாத்திரம் கழுவ 10 லிட்டரும் செலவாகும். நான்கு பேர் உள்ள வீட்டில் இவை இரண்டும் சேர்ந்து 260 லிட்டர். பழைய புறவாசல் இந்த 260 லிட்டரைக் கொண்டே ஒரு வாழைக்கூட்டத்தையும் இரண்டு மரங்களையும் வளர்த்தது. இன்று அந்த 260 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, புல்லுக்காக ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வேறு 200 லிட்டரை மின்சாரம் செலவழித்து ஏற்றுகிறோம்.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் மிகக் கனமானது சாதி பற்றியது. நான் மேலே விவரித்த புறவாசல் யாருடையது? நிலமும் தொழுவமும் கிணறும் இருந்தவர்களுடையது. அந்த நிலத்தில் நடவு நட்டு, குளத்தில் வண்டல் அள்ளிச் சுமந்தவர்களின் குடியிருப்புகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருந்தன. ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க அவர்களுக்கு இடமில்லை. பண்ணையாரின் மனையில் குடிசை போட்டு, அவர் போகச் சொன்னால் போகவேண்டிய நிலையில் பல குடும்பங்கள் இருந்தன. இந்த மறுப்பு முழுக்க உண்மை. பழைய தோட்டத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் இது என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. தோட்டத்தைச் சிக்கனமும் உழைப்பும்தான் உண்டாக்கின என்றால், மிகச் சிக்கனமாக வாழ்ந்து மிகக் கடுமையாக உழைத்தவர்களிடம்தான் மிகச் செழித்த தோட்டங்கள் இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. நாளை துரத்தப்படலாம் என்ற நிலையில் இருப்பவர் கீரை விதைப்பார், பூசணி போடுவார். ஆறேழு ஆண்டு கழித்துக் காய்க்கும் தென்னையை நடமாட்டார். விவசாயத் தொழிலாளர்கள் குடியிருந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்று ஆக்கிய குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது. வீட்டுத் தோட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். மனைப் பட்டா கையில் வந்த பிறகுதான் மரம் நடுவதில் பொருள் உண்டாகிறது.

ஆற்றுப் பாசன ஊருக்கு மட்டும் பொருந்துவதை எல்லாருக்கும் சொல்கிறீர்கள் என்பது அடுத்த மறுப்பு. இதே நெல்லைச் சீமையின் தெற்கில், செம்மணல் தேரிப் பகுதியில், கால்வாயே இல்லாத இடத்தில் ஒரு சான்று இருக்கிறது. 1830களின் இறுதியில் மெஞ்ஞானபுரத்துக்கு வந்த ஜான் தாமஸ் என்ற மிஷனரி, காற்றில் மணல் பறந்த வெளியில் கிணறுகளை வெட்டி, அவற்றைச் சுற்றி மரங்களை வளர்த்து, ஊரையே ஒரு தோப்பாக மாற்றினார். 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் தெருக்களை நேராக வகுத்து, கிணறு வெட்டி, மரம் நட்டார். தமிழுலகம் அவரை 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கண நூலால் நினைக்கிறது. இடையன்குடித் தெருக்களும் நினைக்கத் தகுந்தவையே. இரண்டு ஊர்களிலும் தேவையானது கொடையாக வந்த பணமும் ஊர்மக்களின் உழைப்பும் நில உரிமையும். வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் மனை, பிறகு கிணறு, அதன் பின் மரம், பூச்செடி எல்லாவற்றுக்கும் பின்னால். ஆறு இருந்த ஊரில் இயல்பாக அமைந்த இதே வரிசையைத்தான் ஆறு இல்லாத ஊரில் திட்டமிட்டு உண்டாக்கினார்கள்.

இன்றைய மனையின் நிலையைக் காட்டி எழும் மறுப்புகளும் உண்டு. மனை மூன்று சென்ட்தான், அதில் வண்டி நிறுத்தவும் இடம் வேண்டும் என்பார்கள். பழைய மனைகளும் அகலமானவை இல்லை. திருநெல்வேலியில் வளவு வீடுகளில் பல குடும்பங்கள் ஒரே முற்றத்தையும் ஒரே கிணற்றையும் பகிர்ந்துகொண்டு, அங்கேயும் ஒரு முருங்கையும் ஒரு பிச்சிக்கொடியும் வைத்திருந்தன. இடத்தைவிடப் பெரிய சிக்கல் மண்ணில் இருக்கிறது. அம்பாசமுத்திரத்தைச் சுற்றி வயலாக இருந்த இடங்களில் பல இப்போது வீட்டுமனைகள். கீழே களிமண், அதன் மேல் மேடாக்கக் கொட்டிய சரள், அதற்கும் மேல் கட்டட இடிபாடு. இதில் நேரடியாக நட்ட செடி பிழைக்காது. தென்னைக்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்று வேளாண் துறையினர் சொல்லும் குழியை மற்ற மரங்களுக்கும் வெட்டி, சரளை வெளியே எடுத்து, வண்டலும் மக்கிய சாணமும் நிரப்பினால் தீர்ந்துவிடும் சிக்கல் அது. செலவு குழி வெட்டும் கூலிதான். சோப்பு கலந்த தண்ணீர் செடிக்கு ஆகாது என்பதிலும் உண்மை இருக்கிறது. சாம்பலும் புளியும் கொண்டு பாத்திரம் விளக்கிய காலத்துத் தண்ணீரும் இன்றைய தண்ணீரும் ஒன்றில்லை. கீரைப் பாத்திக்கு அதை விடக்கூடாது. ஆனால் அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் இரண்டிலும் இன்றும் குற்றமில்லை. குளித்த நீரைக் கல்வாழையும் சேம்பும் நிறைந்த ஒரு சிறு பள்ளத்தில் இறக்கி, அதற்கப்பால் வாழைக்கு விட்டால் வாழை நன்றாகவே வரும். தேங்கி நிற்காமல் மண்ணுக்குள் போய்விடும் நீரில் கொசு பெருகாது. பழைய அங்கணத்திலும் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த அமைப்பு எப்போது உடைந்தது என்பதற்கு ஒற்றைத் தேதி கிடையாது. பாபநாசத்தில் 1940களில் அணையும் நீர்மின் நிலையமும் வந்தன, 1958இல் மணிமுத்தாறு அணை வந்தது. மின்சாரம் பரவியதும் கிணற்றடிக்கு மோட்டாரும், மாடிக்குத் தொட்டியும், பிறகு குழாய்த் தண்ணீரும் வந்தன. பெண்களின் தோளுக்கு அவை தந்த விடுதலையைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் நீர் மாடியிலிருந்து குழாய் வழியே வந்து குழாய் வழியே போகத் தொடங்கியதும் கிணற்றடி வாய்க்கால் தேவையற்றதாகிவிட்டது. டிராக்டர் வந்ததும் தொழுவம் காலியானது. தொழுவம் இருந்த இடத்தில் குளியலறை எழும்பியது. தெருவில் சிமென்ட் சாக்கடை வந்ததும் அங்கணத்துத் துளையை அடைத்து முன்பக்கம் திருப்பினார்கள். அப்படித் திரும்பிய நீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் மிக வருந்தத்தக்க பகுதி. கரையோர ஊர்களின் கழிவுநீர் இன்று சாக்கடை வழியே கால்வாயிலும் தாமிரபரணியிலும் கலக்கிறது. ஒரு காலத்தில் வாழை குடித்த தண்ணீர் இப்போது, கீழே உள்ள ஊர்கள் குடிக்கும் ஆற்றைக் கெடுக்கிறது. புறவாசல் தோட்டம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சுத்திகரிப்பு நிலையமாகவும் இருந்தது என்பதை அது இல்லாமல் போன பிறகே உணர்கிறோம்.

ஆகவே குறைந்த பணத்தில் தோட்டம் வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த வரலாறு ஒரு செலவு வரிசையைத் தருகிறது. செடிக்கு என்று ஒதுக்கிய பணத்தைச் செடிக்குச் செலவிடாதீர்கள். தரை போடுவதற்கு முன்பே கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் பேசி, அடுக்களை நீரும் குளியல் நீரும் கழிப்பறைக் குழாயோடு சேராமல் தனியாகப் பின்பக்கம் இறங்கும்படி செய்துவிடுங்கள். வீடு முடிந்த பிறகு தரையை உடைத்துச் செய்வதைவிட அப்போது செய்வது பலமடங்கு மலிவு. 2003இல் தமிழ்நாடு கட்டாயமாக்கிய மழைநீர்க் குழியை, மரம் வைக்கப் போகும் இடத்துக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பணம் குழிக்கும் வண்டலுக்கும் சாணத்துக்கும். வசதி இருந்தால் முன்புறம் மதில் வைத்துக்கொள்ளலாம்; பின்பக்கத்துக்குக் கிளுவை வேலி போதும். அதற்கு அடுத்த வீட்டு வேலியிலிருந்து குச்சி கிடைக்கும். கொம்பும் கன்றும் கிழங்கும் பதியமும் உறவினர் வீடுகளிலும் தோப்புகளிலும் இன்னும் கேட்டால் கிடைப்பவைதான், கேட்கும் பழக்கம்தான் விட்டுப்போயிற்று. புல்தரையும் தொட்டிச் செடியும் வேண்டுமென்றால் மூன்றாம் ஆண்டு, முருங்கை காய்த்து வாழை குலை தள்ளிய பிறகு யோசிக்கலாம்.

வீட்டுக்காரர் தனியாகச் செய்யக்கூடியது இவ்வளவுதான். மற்றது ஊர் செய்ய வேண்டியது. புதிய மனைப்பிரிவுகளுக்கு அனுமதி கொடுக்கும்போது பழைய வயல் வாய்க்காலை மண்ணிட்டு மூடாமல் காக்க வேண்டும். குளத்து வண்டலை விவசாயிக்குத் தருவதுபோல மரம் வைக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு வண்டி தர வழி செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, குடியிருக்கும் மனைக்கு இன்னும் பட்டா இல்லாமல் இருக்கும் குடும்பங்களுக்குப் பட்டா கொடுக்க வேண்டும். அது கிடைத்த ஆண்டிலேயே அவர்கள் தென்னை வைப்பார்கள்.